ஓடிபி சொன்னீங்களா சார்?

2018 பிப்ரவரியில் சிட்டி யூனியன் வங்கியில் ஒரு திருட்டு நடந்தது. நம் ஊரிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு தாண்டி அதே ரோட்டில் போனால் வருகிற கும்பகோணத்தில்தான் அந்த வங்கிக்குத் தலைமை அலுவலகம். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, லாக்கர் உடைப்பு இல்லை. வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பப் பயன்படும் ஸ்விஃப்ட் என்ற ஏற்பாட்டுக்குள் யாரோ புகுந்து, வங்கியே அனுப்பியது போல மூன்று உத்தரவுகளை அனுப்பிவிட்டார்கள். துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். பிப்ரவரி 7-ஆம் தேதி கணக்கை ஒத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் போனது. துபாய்க்குக் கிளம்பிய பணம் வழியிலேயே நின்றது. துருக்கிப் பணமும் முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனது போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது ஒரு கற்பனை. கும்பகோணத்திலிருந்து போன் வந்ததும் எதிர்முனையில் இருந்த வெளிநாட்டு வங்கிக்காரர், "பாஸ்வேர்டை யாரிடமாவது சொன்னீங்களா சார்? சொல்லியிருந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஏழு வேலை நாள்ல பதில் வரும். வேறு ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்திருந்தால்? துபாய்ப் பணமும் துருக்கிப் பணமும் நின்றிருக்குமா?

நான் சிட்டி யூனியனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் செய்தது சரி. பணம் போனது தெரிந்த உடனே கூப்பிட்டார்கள், கூப்பிட்டதைக் கேட்டவர்கள் உடனே தடுத்தார்கள். பணம் இழந்தவர் சொல்வதை முதலில் நம்பு, கதவைச் சாத்து, விசாரணையை அப்புறம் வைத்துக்கொள். வங்கியும் வங்கியும் பேசிக்கொள்ளும்போது இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. அதே வங்கிகளிடம் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளி போன் செய்தால் மட்டும் முறை தலைகீழாகிவிடுகிறது. முதலில் விசாரணை, கதவு சாத்துவது அப்புறம்!

இன்னொரு கதையும் உண்டு. 2021 ஜூனில் சென்னையில் ஸ்டேட் வங்கியின் பணம் போடும் எந்திரங்களில் வடநாட்டிலிருந்து வந்த ஒரு கும்பல் லட்சக்கணக்கில் பணத்தை அள்ளிக்கொண்டு போனது. அந்த எந்திரங்களில் பணம் எடுக்கவும் செய்யலாம். கார்டைப் போட்டுப் பணம் கேட்பார்கள். பணம் வெளியே வந்ததும் எடுக்காமல் சில விநாடி காத்திருப்பார்கள். யாரும் எடுக்கவில்லை என்று எந்திரம் பணத்தை உள்ளே இழுக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் மூடியைப் பிடித்து நிறுத்திவிட்டு நோட்டை உருவிக்கொள்வார்கள். எந்திரமோ, "பணம் திரும்ப வந்துவிட்டது" என்று நினைத்து, கழித்த தொகையை அவர்கள் கணக்கிலேயே மறுபடி வரவு வைத்துவிடும். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. திருடனுக்கு உடனடி ரீஃபண்டு! கேள்வி இல்லை, படிவம் இல்லை, எஃப்ஐஆர் காப்பி இல்லை.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் கிட்டத்தட்ட எல்லாருடைய வாழ்க்கையும் பேங்க் வழியாகத்தான் ஓடுகிறது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கிய காலத்தில் சம்பளக் கவர் இருந்திருக்கும். இன்றைக்கு நிரந்தரத் தொழிலாளியாக இருந்தாலும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் சம்பளம் கணக்கில்தான் விழுகிறது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதற்குள் வெளியே ஒரு வீடு கட்டியாக வேண்டும். அந்த வீட்டுக்கான பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அதே கணக்கில்தான் கிடக்கும். முப்பது வருஷம் மண்ணைத் தோண்டிச் சம்பாதித்தது ஒரு பாஸ்புக்கின் கடைசி வரியில் இருக்கிறது. அந்த வரியில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எங்கள் வீட்டில் பார்த்தோம்.

அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அக்கா எழுதிய ஒரு தேர்வுக்கு டாலரில் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் அவருடைய டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைத்திருந்தோம். 2020-க்குப் பிறகு கொடுக்கப்படும் கார்டுகளில் இந்த வசதி முதலில் அணைந்தே இருக்கும், வேண்டும் என்றால் நாம்தான் போட வேண்டும். ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நல்ல ஏற்பாடு அது. ஒரு நாள் இரவு அப்பா நைட் ஷிப்டில் இருந்தபோது, இரண்டு மணிக்கு மேல், இரண்டு தடவையாக 27,460 ரூபாய் போயிருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளம், பெயரைப் படிக்கவே முடியவில்லை. ஷிப்ட் முடிந்து பையிலிருந்து போனை எடுத்தபோதுதான் அப்பா மெசேஜைப் பார்த்தார். எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஒன்றரை மாதச் சம்பளம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவில் கார்டை வைத்து இணையத்தில் பணம் கட்டினால் ஓடிபி போல இரண்டாவது ஒரு உறுதிப்பாடு வேண்டும் என்பது 2009-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றுக்கு அது கிடையாது. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் இருந்தால் போதும். அப்பாவுக்கு அன்றைக்கு ஓடிபி வரவே இல்லை. வராத ஓடிபியை எப்படிச் சொல்வது?

ஆனால் கஸ்டமர் கேரில் முதல் கேள்வியே அதுதான். (எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. எல்லா வங்கியிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான் என்று பக்கத்து வட்டத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.) ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தி, இந்திக்கு இரண்டை அழுத்தி, தமிழ் எங்கே என்று தேடி, கார்டு தொலைந்தால் அதை அழுத்து, லோன் வேண்டுமானால் இதை அழுத்து என்று கேட்டு முடித்து, ஒரு மனிதக் குரல் வருவதற்குப் பதினெட்டு நிமிஷம். அப்புறம்:

"ஓடிபி யார்கிட்டயாவது ஷேர் பண்ணீங்களா சார்?"

"ஓடிபியே வரலைம்மா."

"வராம ட்ரான்சாக்சன் நடக்காது சார். லிங்க் ஏதாவது கிளிக் பண்ணீங்களா?"

"இல்லம்மா, நான் நைட் டூட்டியில இருந்தேன்."

"வீட்ல வேற யாராவது பண்ணியிருக்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

அப்பா யோசித்தார். பாவம், உண்மையிலேயே யோசித்தார். தூங்காத கண்ணோடு, தான் செய்யாத ஒன்றைச் செய்திருப்போமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வலித்தது அந்த இடம்தான். பணம் போனது ஒரு நஷ்டம். அதற்கு மேல், "நீ ஏமாளி, ஒப்புக்கொள்" என்று ஒரு குரல் மரியாதையாக "சார்" போட்டுச் சொல்கிறது.

கார்டை முடக்கினார்கள், அது உண்மை. புகார் எண் கேட்டதற்கு, "ஹோம் பிராஞ்ச்ல எழுதிக் குடுங்க சார், அங்க கம்ப்ளைன்ட் ரைஸ் பண்ணுவாங்க" என்றார்கள். பிராஞ்சுக்குப் போனால், "இதெல்லாம் கஸ்டமர் கேர்லதான் போடணும். எங்க சிஸ்டத்துல ஆப்ஷனே இல்ல. முதல்ல எஃப்ஐஆர் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், "பேங்க்ல ஸ்டேட்மென்ட் வாங்கிட்டு வாப்பா" என்றார்கள். மூன்று வாசல். ஒவ்வொரு வாசலிலும் கை காட்டுகிற திசை அடுத்த வாசல்.

இந்த நேரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த மூன்று இடத்திலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

என்ன கடிகாரம்? 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நம் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் வாடிக்கையாளர் எவ்வளவு நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்று அது வரையறுத்தது. தப்பு வங்கியுடையது என்றால், நாம் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நமக்குப் பொறுப்பு இல்லை. தப்பு வங்கியிலும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்திருக்கிறது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நம் நஷ்டம் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் தலையில் என்று அந்தச் சுற்றறிக்கை வைத்தது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு 5,000. ஏழு நாள் தாண்டினால் அந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது.

வேலை நாள் என்பது நம் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள், மெசேஜ் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதுவும் அதிலேயே இருக்கிறது. பொங்கல் நேரத்தில் பணம் போனாலும் பதற வேண்டாம், லீவு நாட்கள் கணக்கில் வராது. ஆனால் பதறாமல் இருக்க இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே!

அதைவிட முக்கியமான ஒரு வரி உண்டு. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியுடையது. அதாவது, "நான் ஓடிபி சொல்லவில்லை" என்று அப்பா நிரூபிக்க வேண்டியதில்லை. "இவர் சொன்னார்" என்று வங்கிதான் நிரூபிக்க வேண்டும். புகார் சொன்ன பத்து வேலை நாளுக்குள், போன தொகையை இன்சூரன்ஸ் பணம் வரட்டும் என்று காத்திருக்காமல், பணம் போன தேதியையே வைத்து தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

இப்போது அந்த முதல் கேள்வியைத் திரும்பப் பாருங்கள். "ஓடிபி ஷேர் பண்ணீங்களா?" இது விசாரணைக்கான கேள்வியா? வங்கியின் கம்ப்யூட்டரிலேயே பதில் இருக்கிறது. ஓடிபி அனுப்பினார்களா இல்லையா, எத்தனை மணிக்கு, எந்த நம்பருக்கு, வாங்கியவன் அதைப் போட்டானா இல்லையா, எல்லாமே அவர்களிடம் பதிவாகியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு தொழிலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. பிறகு ஏன் கேட்கிறார்கள்? பதற்றத்தில் அவர் "ஏதோ ஒரு போன் வந்துச்சு..." என்று ஆரம்பித்தால் போதும். அழைப்பு பதிவாகிக்கொண்டிருக்கிறது, நிரூபிக்கும் சுமை அந்த நிமிஷமே தோள் மாறிவிடும். நம் புகாரைப் பதிவதற்கு முன்னால் நம் வாக்குமூலத்தைப் பதிந்துகொள்ளும் ஏற்பாடாகத்தான் இது எனக்குப் படுகிறது.

இன்னொரு வேடிக்கை. மெசேஜ் வந்தால் அதற்கே பதில் அனுப்பிப் புகார் சொல்ல வசதி செய்ய வேண்டும், வாடிக்கையாளரை இணையதளத்தையும் மெயில் முகவரியையும் தேட வைக்கக் கூடாது என்றும் அதே 2017 சுற்றறிக்கை சொன்னது. எவ்வளவு எளிமையான யோசனை! நான் அப்பாவின் போனிலிருந்து அந்த மெசேஜுக்குப் பதில் அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. பதில் வாங்காத முகவரியிலிருந்துதான் எச்சரிக்கை வருகிறது. "நீங்கள் செய்யவில்லை என்றால் இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு நம்பர் இருந்தது. அதுதான் அந்தப் பதினெட்டு நிமிஷ நம்பர்.

நம்பரைத் தேடுவது என்பதே தனி ஆபத்து. கஸ்டமர் கேர் லைன் கிடைக்கவில்லை என்று கூகுளில் தேடுகிறோம். முதலில் வருகிற நம்பர் திருடனுடையதாக இருந்தால் கதை முடிந்தது. முதல் திருட்டைப் புகார் செய்யப் போய் இரண்டாவது திருட்டில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். வங்கிகளிலிருந்து பரிவர்த்தனை சம்பந்தமாக வரும் அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. வங்கிகளின் இணைய முகவரி எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும், 2025 அக்டோபருக்குள் மாறுங்கள் என்றும் சொன்னது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் நம்மைக் கூப்பிடுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இவை அதிகம் உதவும். நாம் கூப்பிடும்போது யாராவது எடுப்பார்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பரை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள், அது போதும்.

போலி என்றதும் பண்ருட்டி ஞாபகம் வராமல் போகுமா? 2020 ஜூலையில் இங்கே பக்கத்திலேயே பண்ருட்டியில், ஸ்டேட் வங்கியின் பெயரில் ஒரு போலிக் கிளையே நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர், செலான், முத்திரை எல்லாம் பக்காவாக இருந்தது. நடத்தியவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. வங்கி வேலையில் இருந்தவர்களின் மகன். ஒரு வாடிக்கையாளர் உண்மையான கிளைக்குப் போய், "புதுசா ஒரு பிராஞ்ச் திறந்திருக்கீங்களாமே" என்று மேனேஜரிடம் கேட்டதில்தான் குட்டு உடைந்தது. யாரும் அங்கே பணத்தை இழந்ததாகப் புகார் வரவில்லை என்று போலீஸ் அப்போது சொன்னது. அந்தச் செய்தியை எல்லாரும் ஜோக்காகப் படித்தோம். எனக்கு அதில் பிடித்தது வேறு. வாடிக்கையாளர் கேட்டார், மேனேஜர் அதைக் காதில் வாங்கினார், வங்கி அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். தன் பெயர் திருடப்பட்டால் வங்கிக்கு வேகம் தானாக வருகிறது.

"மக்கள் ஓடிபி சொல்லாமலா இவ்வளவு மோசடி நடக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறையப் பேர் சொல்லத்தான் செய்கிறார்கள். யாருக்குப் போன் போட்டாலும் முதலில் எச்சரிக்கை காலர் ட்யூன் ஓடிய காலத்திலும் சொன்னார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் வங்கிக்குச் சொல்லும் வரைக்கும் அவருடைய நஷ்டம்தான் என்று அதே சுற்றறிக்கை சொன்னது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அடுத்த வாக்கியத்தையும் படிக்க வேண்டும்: அவர் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. அப்படியானால் ஓடிபி சொல்லிவிட்டவருக்கும்கூட, தான் எத்தனை மணிக்குப் புகார் செய்தோம் என்ற பதிவு உயிர் போன்றது. அவருக்குத்தான் பதினெட்டு நிமிஷக் காத்திருப்பு அதிக ஆபத்து. கவனக்குறைவாக இருந்தவருக்கும் வங்கி விரும்பினால் நஷ்டத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று ஒரு வரியும் அதில் உண்டு. எந்தக் கஸ்டமர் கேராவது அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நீதிமன்றங்கள் இதை வங்கிகளுக்குப் புரிய வைக்கப் பார்த்திருக்கின்றன. எச்சரிக்கை மெசேஜுக்கு வாடிக்கையாளர் உடனே பதில் சொல்லவில்லை என்பதை வைத்து வங்கி தப்பிக்க முடியாது என்று 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அசாமில் நடந்த ஒரு வழக்கு இன்னும் நெருக்கமானது. 2021-இல் ஒருவர் இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பித் தர முயன்றபோது, அந்தக் கடையின் கஸ்டமர் கேர் என்று சொல்லி வந்த அழைப்பை நம்பி ஒரு செயலியை இறக்கினார். 94,204 ரூபாய் போனது. 24 மணி நேரத்துக்குள் ஸ்டேட் வங்கிக்குச் சொல்லிவிட்டார். வங்கி வழக்கம்போல ஓடிபி பாட்டைப் பாடியது. கௌகாத்தி உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடு என்றது. வங்கி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2025 ஜனவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வங்கியின் மனுவைத் தள்ளிவிட்டது. இப்படிப்பட்ட பரிவர்த்தனைகளைக் கண்டுபிடித்துத் தடுக்கும் தொழில்நுட்பம் வங்கியிடம்தான் இருக்கிறது, பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. வாடிக்கையாளர்களும் ஓடிபி விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

94,204 ரூபாய்க்கு உச்ச நீதிமன்றம்! வக்கீல் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வங்கியால் அவ்வளவு தூரம் போக முடிகிறது. நம் ஊரிலிருந்து கடலூருக்குப் போய்வரவே ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டிய ஒப்பந்தத் தொழிலாளியால் எவ்வளவு தூரம் போக முடியும்? பாதிப் பேர் இரண்டாவது வாசலிலேயே "போனது போகட்டும்" என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் தெரியாது.

போனில் பேசிய அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் அநேகமாக ஏதோ ஒரு கம்பெனியின் ஒப்பந்த ஊழியர்தான். எதிரே இருக்கும் திரையில் வருகிற கேள்வியைக் கேட்கிறார், இத்தனை நிமிஷத்துக்குள் அழைப்பை முடிக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். பிராஞ்சில் இருந்தவரும் வில்லன் இல்லை. பென்ஷன்காரர்கள் வரிசை ஒரு பக்கம், நகைக் கடன் ஒரு பக்கம், நடுவில் ஒரே ஆள். அந்தத் திரையில் அந்தக் கேள்வியை முதலாவதாக எழுதி வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. "உங்கள் புகார் இத்தனை மணிக்குப் பதிவாகிவிட்டது, எண் இது, பத்து வேலை நாளில் தற்காலிக வரவு வர வேண்டும்" என்ற வாக்கியத்தை முதலில் வைத்து, மற்றதைப் பின்னால் கேட்டால் வங்கிக்கு என்ன குறைந்துவிடும்? புகார் எண்ணையும், புகார் வந்த நேரத்தையும் தேதியையும் பதிந்து உடனே தர வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

எங்கள் விஷயம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டு மாமா யூனியன்காரர். அவர் ஒன்று சொன்னார்: "வாயால சொல்றது காத்துல போயிடும் தம்பி. ரெண்டு காப்பி எழுது. ஒண்ணுல சீல் வாங்கு." அன்றே ஒரு வெள்ளைத் தாளில் கணக்கு எண், பரிவர்த்தனை நடந்த நேரம், தொகை, கஸ்டமர் கேரைக் கூப்பிட்ட நேரம், ஓடிபி எதுவும் வரவில்லை என்ற தகவல் எல்லாம் எழுதினோம். கடைசியில், 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று ஒரு வரி. அந்தத் தேதியைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் கொஞ்சம் மாறியது. அதுவரை "ஆப்ஷனே இல்ல" என்ற சிஸ்டத்தில் திடீரென்று ஒரு ஆப்ஷன் முளைத்தது! சீலும் கிடைத்தது.

பத்து வேலை நாள் போனது, பணம் வரவில்லை. முப்பது நாள் ஆனதும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் போட்டோம். முன்பு தனித்தனியாக இருந்த மூன்று குறைதீர்ப்புத் திட்டங்களை 2021 நவம்பரில் ஒன்றாக்கினார்கள். வங்கி முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லாவிட்டாலோ அங்கே போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் விளக்கம் கேட்கலாம். புகார் போட்ட ஒன்பதாம் நாள் 27,460 ரூபாயும் கணக்கில் விழுந்தது. ஒரு விளக்கமும் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. "உங்கள் சேவை அனுபவத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுங்கள்" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. அந்த மெசேஜுக்குப் பதில் போகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

1930 பற்றியும் சொல்ல வேண்டும். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. யாரோ ஏமாற்றி நம் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றியிருந்தால், அது கை மாறிக் கை மாறி எடுக்கப்படுவதற்குள் வழியில் எங்காவது முடக்கி வைக்க முயல்வார்கள். அதனால் முதல் ஒரு மணி நேரம் தங்கத்துக்குச் சமம். ஆனால் 1930-க்குச் சொல்லிவிட்டோம், வங்கிக்குச் சொன்ன மாதிரிதான் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நாள் கடிகாரம் வங்கிக்குச் சொன்னால்தான் நிற்கும். இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும், இரண்டு எண்ணையும் எழுதி வைக்க வேண்டும். போலீஸில் எஃப்ஐஆர் தரத் தாமதமானால் சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் வந்தால்தான் புகாரையே வாங்குவோம் என்று கிளையில் சொன்னால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். மூன்று நாள் கணக்கு வங்கிக்குச் சொன்ன நேரத்தை வைத்துத்தான், எஃப்ஐஆர் தேதியை வைத்து இல்லை. குறைதீர்ப்பாளரிடமும் சரிவராவிட்டால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் மனுக் கட்டணம் இல்லை.

பொறுப்பு யாருக்கு எவ்வளவு என்ற தங்கள் கொள்கையைக் கணக்கு தொடங்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும், பொதுவில் வைக்க வேண்டும், ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. நம் டவுன்ஷிப்பில் அப்படித் தெரிவிக்கப்பட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நகைக் கடன் வட்டிக்குக் கிளை வாசலில் ஆள் உயரத்துக்குத் தமிழில் பேனர் வைக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே, அதே அளவில், அதே தமிழில் இன்னொன்று வைக்கட்டும்: நீங்கள் செய்யாத பரிவர்த்தனையா, மூன்று வேலை நாளுக்குள் சொல்லுங்கள், புகார் எண் கேட்டு வாங்குங்கள், நிரூபிக்க வேண்டியது நாங்கள். அடியில் கிளை மேனேஜரின் போன் நம்பர். மெயின் பஜாருக்குச் சைக்கிளில் போகிற நைட் ஷிப்ட்காரர் நிற்காமலே படித்துவிடுகிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருந்தால் சரி.